மெயின்ஃப்ரேம் பராமரிப்பு: விற்பவர் கடமை என்ன?

நம் சங்கத்து அன்பர்கள் வீடுகளில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளையோ மருமகளோ இல்லாத வீடு இன்று அபூர்வம். அவர்களில் சிலர் 'மெயின்ஃப்ரேம்' என்ற பிரிவில் இருக்கிறார்கள். "அது அந்தக் காலத்துப் பெட்டியாயிற்றே, இன்னுமா ஓடுகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓடுகிறது. 1964 ஏப்ரல் 7-ஆம் தேதி ஐ.பி.எம். கம்பெனி அறிவித்த சிஸ்டம்/360 என்ற குடும்பத்தின் வாரிசுகள் இவை. 2025-இல்கூட இசட்-17 என்ற புதிய மாடலை அறிவித்திருக்கிறார்கள். உலகின் பெரிய வங்கிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பலவற்றின் கணக்கு வழக்குகள் இன்னமும் இந்த இயந்திரங்களில்தான் இருக்கின்றன.

இந்த இயந்திரத்துக்குச் சாஃப்ட்வேர் தருபவர் ஒருவர் அல்லர். அடிப்படையான ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஐ.பி.எம். தருகிறது. இரவு வேலைகளை வரிசைப்படுத்த ஒருவர், டேப்புகளின் கணக்கு வைக்க ஒருவர், யார் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று காவல் காக்க ஒருவர் என்று பல கம்பெனிகளின் சரக்கு ஒரே இயந்திரத்தில் சேர்ந்து ஓடுகிறது. வாங்கும்போது பளபளப்பான விளக்கக் கூட்டம் நடக்கும். வாங்கிய பிறகு பத்து இருபது வருஷம் அதற்கு வந்துகொண்டே இருக்கும் திருத்தங்களைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை. அந்தத் திருத்தங்களை எப்படிக் கட்டி, எப்படி அனுப்ப வேண்டும் என்பதைப் பற்றி என் கருத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

"ரிட்டயர் ஆன ரயில்வேக்காரருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்து, பம்பாய்ப் பக்கம் வந்து, மின்சார இன்ஜின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட்டில் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன். என் மகள் பன்னிரண்டு வருஷங்களாக மெயின்ஃப்ரேம் சிஸ்டம் புரோகிராமர். அவள் வேலையைப் பற்றிக் கேட்கக் கேட்க, பெயர்கள்தான் வேறு, இது நம் ஷெட் வேலையேதான் என்று எனக்குப் புரிந்தது.

ஷெட்டுக்குத் திருத்தம் வரும் விதம்

ஓர் இன்ஜின் வகையில் ஏதாவது ஒரு பாகம் அடிக்கடி பழுதாகிறது என்று தெரிந்தால், லக்னோவில் இருக்கும் ஆர்.டி.எஸ்.ஓ. ஆராய்ந்து 'மாடிஃபிகேஷன் ஷீட்' என்று ஒன்றை எல்லா ஷெட்டுகளுக்கும் அனுப்பும். சில பக்கங்கள்தான். இந்த மாற்றம் எதற்காக, இப்போது இருக்கும் அமைப்பு என்ன, மாறப்போகும் அமைப்பு என்ன, எந்த வகை இன்ஜின்களுக்குப் பொருந்தும், என்னென்ன சாமான் வேண்டும், கழற்றிய பழைய சாமானை என்ன செய்வது, யார் செய்ய வேண்டும் என்று தலைப்புத் தலைப்பாக இருக்கும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை இன்ஜினின் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், ஐந்து வருஷம் கழித்து வேறு ஷெட்டில் வேறு ஒருவர் பார்த்தாலும் இந்த இன்ஜினில் என்ன மாறியிருக்கிறது என்று தெரியும்.

இது சுவாரசியமில்லாத காகித வேலை என்று இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் காகிதம் இல்லாமல் சாமான் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு சப்ளையர் ஒரு கட்டுப்பாட்டு அட்டையில் உள்ளே ஏதோ மாற்றம் செய்துவிட்டு, பழைய பார்ட் நம்பரிலேயே அனுப்பிவிட்டார். குறிப்பு ஒரு வரிகூட இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்த இரண்டு இன்ஜின்கள் ஒரே கட்டளைக்கு வெவ்வேறு மாதிரி நடந்துகொண்டன. எங்கள் ஆட்கள் ஒயரிங் முழுவதையும் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று நாள் இரண்டு இன்ஜின்கள் பிட் லைனில் நின்றன. கடைசியில் போன் போட்டுக் கேட்டபோது, "ஆமாம் சார், அதில் ஒரு சின்ன இம்ப்ரூவ்மென்ட் செய்தோம்" என்று அமைதியாகப் பதில் வந்தது. மாற்றம் நல்ல மாற்றம்தான். சொல்லாமல் செய்ததுதான் கோளாறு.

மெயின்ஃப்ரேமில் இருக்கும் ஒழுங்கு

மகள் விளக்கிய பிறகு எனக்கு ஆச்சரியம் தந்த விஷயம், மெயின்ஃப்ரேம் உலகத்தில் இந்த மாடிஃபிகேஷன் ஷீட் முறை பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது என்பது. ஐ.பி.எம். இதற்கு எஸ்.எம்.பி./இ என்று ஒரு கருவியை வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் ஒரு பழுதைச் சொன்னால் அதற்கு 'ஏபார்' என்று ஒரு பதிவு எண் கிடைக்கும். அதற்கான திருத்தம் 'பி.டி.எஃப்.' என்ற பொட்டலமாக வரும். பொட்டலத்தின் மேலேயே, கருவி படித்துப் புரிந்துகொள்ளும்படி, சில விவரங்கள் எழுதியிருக்கும்: எனக்கு முன்னால் இந்த இந்தத் திருத்தங்கள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், இன்னின்ன பழைய திருத்தங்களுக்குப் பதிலாக நான் வந்திருக்கிறேன், என்னைப் போட்டபின் மெஷினை மறுபடி துவக்க வேண்டும், அல்லது இந்த ஒரு வேலையைக் கையால் செய்ய வேண்டும். இந்தக் கடைசி வகை எச்சரிக்கைக்கு 'ஹோல்ட்' என்று பெயர். நிறுத்திப் படித்துவிட்டு மேலே போ என்று அர்த்தம்.

ஏற்றுவதும் படிப்படியாகத்தான். முதலில் 'ரிசீவ்', அதாவது ஸ்டோருக்குள் வாங்கி வைப்பது. பிறகு 'அப்ளை', பொருத்துவது. பொருத்துவதற்கு முன்பு, நிஜமாகத் தொடாமல் வெறும் ஒத்திகை பார்க்கவும் வழி இருக்கிறது. பொருத்தியது சரியில்லை என்றால் 'ரெஸ்டோர்' செய்து பழைய நிலைக்குத் திரும்பலாம். சில காலம் ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் 'அக்செப்ட்', அதாவது நிரந்தரமாக ஏற்பது. அதுவரை பழைய பாகம் ஸ்டோரில் பத்திரமாக இருக்கும்.

திருத்தமே தப்பாகிப் போவதும் உண்டு. அப்படிப்பட்ட பொட்டலத்துக்கு 'பி.இ.' என்று முத்திரை குத்தி உடனே தெரிவிக்கிறார்கள். மிக முக்கியமான பழுதுக்கான திருத்தத்துக்கு 'ஹைப்பர்' என்று தனி முத்திரை. இவை தவிர, பல சரக்குகளின் திருத்தங்களைச் சேர்த்து ஓட்டிச் சோதித்து, இந்த அளவுவரை போடுங்கள் என்று சிபாரிசுப் பட்டியலும் தருகிறார்கள். காலாண்டுக்கு ஒருமுறை பெரிய பட்டியல், நடுவில் மாதாமாதம் அவசரத் திருத்தங்கள். எங்கள் ஷெட்டின் டிரிப் இன்ஸ்பெக்ஷனும் பீரியாடிக் ஓவர்ஹாலும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு குறை எங்கே? எல்லோரும் இந்த ஒழுங்கில் வருவதில்லை. சில கம்பெனிகள் தங்களுக்கென்று தனி இன்ஸ்டால் முறை வைத்திருக்கின்றன. சில, திருத்தம் கேட்டால் முழு சரக்கையும் புதிதாக அனுப்பி, "பழையதை எடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்கின்றன. சில, மின்னஞ்சலில் நாலு வரி எழுதி, இந்த இடத்தில் இந்த எண்ணை மாற்றுங்கள் என்கின்றன. மாற்றியது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அடுத்த திருத்தம் அதன்மேல் வந்து விழும்போது முன்னது அழிந்துபோனதுகூடத் தெரியாது. இன்னும் சில, எஸ்.எம்.பி./இ வடிவில் அனுப்புவார்கள், ஆனால் விளக்கத்தில் 'பல்வேறு திருத்தங்கள்' என்று இரண்டே வார்த்தை இருக்கும். மளிகைக் கடைக்காரர் பொட்டலத்தின்மேல் 'பல்வேறு சாமான்கள்' என்று எழுதிக் கொடுத்தால் நம் வீட்டு அம்மாமார்கள் வாங்குவார்களா?

ஒருநாள் மகளிடம் கேட்டேன், "இதைப் போட்டால் என்ன ஆகும் என்று எப்படித் தெரிந்துகொள்கிறாய்?" என்று. "சில கம்பெனி சரக்கில் படித்தே தெரிந்துகொள்ளலாம் அப்பா. சிலதில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்" என்றாள். போட்டுப் பார்ப்பது என்பது சனிக்கிழமை நள்ளிரவில், அயல்நாட்டு வங்கியின் கவுன்டர்கள் மூடியிருக்கும் நேரத்தில். ஞாயிறு விடிவதற்குள் சரிசெய்தாக வேண்டும். தீபாவளியானாலும் பொங்கலானாலும் அந்த வங்கிக்கு அது வேலை நாள்தானே.

திரும்பும் வழி தெரியாமல் போனால்

இது பிள்ளைகளின் தூக்கத்தோடு முடிகிற விஷயம் இல்லை. 2012 ஜூன் 17-ஆம் தேதி பிரிட்டனின் ஆர்.பி.எஸ். வங்கிக் குழுமத்தில், வாடிக்கையாளர் கணக்குகளை இரவில் புதுப்பிக்கும் வேலைகளை நடத்தும் சாஃப்ட்வேரின் புதிய பதிப்பை ஏற்றினார்கள். ஏதோ சரியில்லை என்று கண்டதும் அதை நீக்கிப் பழையதற்கே திரும்பினார்கள். புதியதும் பழையதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை என்பது அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நீக்கினால் என்ன ஆகும் என்று முன்னதாகச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. ஆர்.பி.எஸ்., நாட்வெஸ்ட், அல்ஸ்டர் ஆகிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் 65 லட்சம் பேருக்குமேல் பாதிக்கப்பட்டார்கள். கணக்கில் இருப்பு தப்பாகக் காட்டிற்று, பணம் எடுக்க முடியவில்லை, கட்ட வேண்டிய தவணையைக் கட்ட முடியவில்லை. அல்ஸ்டர் வங்கியில் நிலைமை சீராக ஜூலை மாதம் ஆகிவிட்டது. 2014 நவம்பரில் இரண்டு கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து 5 கோடியே 60 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன.

அபராதம் வங்கிக்குத்தான். சாஃப்ட்வேர் விற்றவர்மேல் அந்த அமைப்புகள் குற்றம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சோதிக்காமல் நீக்கியது வங்கியின் பொறுப்பு. ஆனால் ஒரு பராமரிப்புக்காரனாக நான் அதில் கற்பது வேறு பாடம். முன்னே போகும் வழியை எல்லோரும் எழுதுகிறார்கள். திரும்பி வரும் வழியை எழுதுபவர் குறைவு. ரெஸ்டோர் செய்தால் புரோகிராம் பழையதாகிவிடும். புதிய புரோகிராம் அதற்குள் எழுதிவைத்த கோப்புகள் பழையதாகுமா? பழைய புரோகிராமுக்கு அவற்றைப் படிக்கத் தெரியுமா? இதற்குப் பதில் சரக்கைச் செய்தவரிடம்தான் இருக்கிறது. அதை அவர்தான் பொட்டலத்தின் மேலே எழுத வேண்டும்.

நான் கேட்கும் ஐந்து

முதலாவது, பொதுவான ஒரே வடிவம். இந்த மெஷினுக்கு விற்கிறவர் எவரானாலும் எஸ்.எம்.பி./இ வடிவில் தரட்டும். பிராட்காம், பி.எம்.சி. போன்ற பெரிய கம்பெனிகள் இந்த வழியில் தருகின்றன. ஐ.பி.எம்.மின் இசட்.ஓ.எஸ்.எம்.எஃப். என்ற திரை வழியே ஒரே மாதிரி நிறுவும் பொது முறைக்கும் அவர்கள் வந்திருக்கிறார்கள். நல்ல வேலை. மற்றவர்களும் வரட்டும். நம் நாட்டில் பிராட்கேஜ், மீட்டர்கேஜ், நாரோகேஜ் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜங்ஷனிலும் சரக்கை இறக்கி ஏற்றிய கஷ்டம் ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழு விவரம். என்ன பழுது, எந்தச் சூழ்நிலையில் வரும், யாருக்குப் பொருந்தும், போடாவிட்டால் என்ன ஆகும், போட்டபின் என்ன செய்ய வேண்டும். கையால் செய்ய வேண்டியது எதுவாக இருந்தாலும் அது ஹோல்டாகப் பொட்டலத்திலேயே இருக்க வேண்டும். வேறு எங்கோ ஒரு பக்கத்தில் ஒளிந்திருக்கக் கூடாது.

மூன்றாவது, திரும்பும் வழி. நீக்கினால் என்ன ஆகும் என்று விற்பவர் தாமே சோதித்து எழுதித் தர வேண்டும். திரும்ப முடியாத திருத்தம் என்றால் அதையும் முதல் வரியில் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் எச்சரிக்கையாக இருந்துகொள்வோம்.

நான்காவது, மருந்தையும் பலகாரத்தையும் ஒரே பொட்டலத்தில் கட்டாதீர்கள். இப்போது புதிய வசதிகளையும் திருத்தங்களோடு சேர்த்து அனுப்பும் பழக்கம் வந்திருக்கிறது. அடுத்த பதிப்புவரை காத்திருக்க வேண்டாம் என்பது அதன் நன்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழுது நீங்க வேண்டும் என்று வாங்குகிறவர்மேல் கேட்காத வசதியைத் திணிக்கக் கூடாது. சேர்த்துத்தான் அனுப்ப முடியும் என்றால், அந்த வசதி அணைந்த நிலையில் வரட்டும். வேண்டுமென்பவர் சுவிட்சைப் போட்டுக்கொள்வார்.

ஐந்தாவது, நேரடி டெலிவரி. மெஷினே விற்பவரின் சர்வரிடம் கேட்டு, தனக்கு வேண்டிய திருத்தத்தை வரவழைத்துக்கொள்ளும் வசதி எஸ்.எம்.பி./இ-யில் இருக்கிறது. வந்த பொட்டலம் வழியில் சிதையவில்லை என்று சரிபார்க்கவும், அனுப்பியவர் இன்னார்தான் என்று டிஜிட்டல் கையெழுத்தால் உறுதிசெய்யவும் வழி இருக்கிறது. இவ்வளவு இருக்கும்போது, முதலில் மேஜைக் கம்ப்யூட்டரில் இறக்கி, அங்கிருந்து மெயின்ஃப்ரேமுக்கு ஏற்றி, ஏற்றும் விதம் சிறிது மாறினால் கோப்பே பாழாகி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் அவஸ்தை எதற்கு?

மறுபக்கமும் பார்ப்போம்

சிறிய கம்பெனிக்காரர்கள் ஒரு வாதம் சொல்வார்கள். "ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியாகத் தந்தால், வாடிக்கையாளர் ஒருவர் இரண்டைப் போடுவார், இன்னொருவர் ஏழைப் போடுவார். அத்தனை சேர்க்கைகளையும் நாங்கள் எப்படிச் சோதிப்பது? முழு சரக்கையும் மாற்றினால் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பார்கள்." இதில் பாதி உண்மை. சேர்த்துச் சோதித்த நிலைக்கு மதிப்பு அதிகம். அதனால்தான் சிபாரிசுப் பட்டியல் வேண்டும் என்கிறேன். சாதாரண நாட்களில் அந்தப் பட்டியலோடு போகலாம். ஆனால் நடு மாதத்தில் ஒரே ஒரு பழுது வங்கியை நிறுத்தும்போது, அந்த ஒன்றை மட்டும் சரிசெய்யும் வழி வேண்டும். ஒரு வால்வு கசிந்தால் வால்வை மாற்றுவோம். அதற்காக இன்ஜினையே மாற்றிக்கொள் என்பது சிகிச்சை ஆகாது.

வாங்குபவர்கள் பக்கமும் குறை உண்டு. மூன்று நான்கு வருஷம் ஒரு திருத்தமும் போடாமல், "ஓடுகிறதை ஏன் தொட வேண்டும்" என்று உட்கார்ந்துவிட்டு, ஒருநாள் நின்றதும் விற்றவரைத் திட்டுவார்கள். ஷெடியூல் தவறிய இன்ஜின் நடுவழியில் நின்றால் இன்ஜின் செய்தவரைத் திட்டி என்ன பயன்? ஆனால் ஒன்று கவனியுங்கள். திருத்தம் போடுவது பயமான காரியமாக இருப்பதால்தான் ஜனங்கள் தள்ளிப்போடுகிறார்கள். படித்தால் புரியும், போட்டால் எடுக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தால் ஒழுங்காகப் போடுவார்கள்.

இந்த நம்பிக்கை நம் தேசத்துக்கே ஒருமுறை தேவைப்பட்டது. 1960-களிலேயே ரயில்வேயில் ஐ.பி.எம். 1401 கம்ப்யூட்டர்கள் வந்து சம்பளக் கணக்கு, ஸ்டோர் கணக்குகளைப் பார்த்தன. 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. இங்கே இருந்த இயந்திரங்களின் பராமரிப்பை, மத்திய அரசு அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே ஆரம்பித்திருந்த சி.எம்.சி. என்ற கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்று நடத்திற்று. பெயரிலேயே பராமரிப்பைத் தாங்கிப் பிறந்த நிறுவனம் அது. செய்தவர் இல்லாமலும் இன்னொருவர் பராமரிக்கும்படி ஒரு பொருள் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். சாஃப்ட்வேர் கம்பெனிகள் இன்று ஒன்றை ஒன்று விலைக்கு வாங்கிக்கொள்கின்றன. செய்த ஆள் ரிட்டயர் ஆகிறார். பொட்டலத்தில் எழுதிவைத்தது மட்டும்தான் மிஞ்சுகிறது.

ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

இதையெல்லாம் விற்பவர் தாமாகச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரயில்வேயில் ஒரு விஷயம் நன்றாகக் கற்றேன். டெண்டரில் எழுதியது வரும், எழுதாதது வராது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று வருஷா வருஷம் கணிசமான தொகை கொடுக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தில், போன் செய்தால் எத்தனை மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பது இருக்கும். திருத்தம் எந்த வடிவில் வர வேண்டும், விவரக் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும், திரும்பும் வழி சோதிக்கப்பட்டதா என்பதைப் பற்றி எழுதுபவர் அபூர்வம். அதைக் கேட்க வேண்டியவர் வாங்கும் இலாகாவில் இருக்கிறார், அதனால் அவதிப்படுபவர் இரவு ஷிஃப்டில் இருக்கிறார். இருவரும் சந்திப்பதே இல்லை.

நம் சங்கத்தில் வங்கி அதிகாரிகள் இருக்கிறார்கள், கொள்முதல் இலாகாவில் இருப்பவர்கள் இருக்கிறார்கள், சாஃப்ட்வேர் கம்பெனிகளில் பெரிய பதவியில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் என் வேண்டுகோள் இது. மேலே சொன்ன ஐந்தையும் உங்கள் அடுத்த ஒப்பந்தத்தில் ஐந்து ஷரத்துகளாக எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அந்தச் சரக்கை ஏற்றி இறக்கும் பெண்ணையோ பையனையோ கூப்பிட்டு உட்காரவைத்து, "கடைசியாக வந்த திருத்தத்தில் உனக்கு என்ன விவரம் குறைந்தது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலே ஆறாவது ஷரத்து ஆகலாம்.